விழாமல் தடுப்பதற்கு என்ன விலை?

நோயைத் தீர்த்துக்கொள்ள மருத்துவமனையில் சேர்ந்தவர், இரவில் கழிப்பறைக்குச் செல்ல எழுந்தபோது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார் என்ற செய்தி நம்மில் பலருக்குப் புதிதன்று. "கெட்ட நேரம்" என்று இரண்டு சொற்களில் அதை முடித்துவிடுவோம். ஆனால் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அது கெட்ட நேரமாகத் தோன்றவில்லை. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் 2,50,000 முறை நோயாளிகள் கீழே விழுவதாகவும், அதனால் ஆகும் செலவு 63 கோடி பவுன் என்றும் அந்நாட்டுத் தேசிய நலவாழ்வுப் பணியின் மேம்பாட்டு அமைப்பு 2017-இல் கணக்கிட்டது.

இத்தகைய பெருந்தொகைகள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, நோயாளி விழாமல் காப்பது அறம் மட்டுமல்ல, ஆதாயமும்கூட என்ற வாதம் வலுத்து வருகிறது. அவ்வாதத்தின் முக்கியச் சான்றுகளுள் ஒன்று, அமெரிக்காவில் பட்ரீசியா டைக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. நியூயார்க், பாஸ்டன் நகரங்களின் 8 மருத்துவமனைகளைச் சேர்ந்த 33 வார்டுகளில் நடந்த ஆய்வு அது. ஒரு நோயாளி ஒருமுறை விழுந்தால் சராசரியாக ஆகும் மொத்தச் செலவு 62,521 டாலர் என்றும், அக்குழுவினர் வகுத்த தடுப்புத் திட்டத்தைக் கையாண்டதால் ஒவ்வொரு 1,000 நோயாளி-நாட்களுக்கும் 14,600 டாலர் மிச்சமாயிற்று என்றும் அக்கட்டுரை கூறுகிறது.

வாசகர்களே, இந்தக் கணக்கைச் சற்று உரைத்துப் பார்ப்போம். தடுப்புத் திட்டமே வேண்டாம் என்று வாதிடுவது நம் நோக்கமல்ல. செய்ய வேண்டியதைச் சரியான காரணத்துக்காகச் செய்ய வேண்டும்; தவறான கணக்கை நம்பிச் செய்தால், கணக்குப் பொய்த்த அன்று நல்ல செயலும் கைவிடப்படும். அதற்காகவே இவ்வாராய்ச்சி.

ஏன் விழுகிறார்கள்?

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் அளவுக்கு இரத்தம் புவியீர்ப்பினால் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடல் நலத்தோடு இருப்பவரின் இதயமும் இரத்தக் குழாய்களும் சில வினாடிகளில் இதை ஈடுசெய்துவிடுகின்றன. முதியவருக்கும், பல நாள் படுத்திருந்தவருக்கும், இரத்த அழுத்த மருந்து உண்பவருக்கும் இந்த ஈடு தாமதமாகக் கிடைக்கிறது, தலை சுற்றுகிறது. இத்துடன் தூக்க மாத்திரை தரும் மயக்கம், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையால் வரும் அவசரம், பழக்கமில்லாத கட்டில், மங்கலான விளக்கு, கையில் பொருத்திய குளுக்கோஸ் குழாய் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. ஆக, விழுதல் என்பது ஒரே காரணத்தால் நிகழ்வதல்ல. பல சிறு காரணங்கள் ஒரே கணத்தில் கூடும்போது நிகழ்வது அது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

விழுவதன் இயற்பியல்

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நிற்கும்போது அவருடைய ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவரிடம் சேமித்து வைக்கப்பட்டுள்ள நிலை ஆற்றல் 60 × 9.8 × 0.9, அதாவது சுமார் 529 ஜூல். தடையின்றி விழுவதாகக் கொண்டால் தரையைத் தொடும்போது அவருடைய வேகம் வினாடிக்கு 4.2 மீட்டர், மணிக்கு 15 கிலோமீட்டர். மிதிவண்டியில் வேகமாகச் செல்பவர் சுவரில் மோதுவதற்கு இது சமம். முதுமையில் மெலிந்துவிட்ட எலும்பு இதைத் தாங்காததில் வியப்பில்லை.

கட்டிலிலிருந்து விழுந்தால்? கட்டிலின் உயரம் 60 சென்டிமீட்டர் ஆனால் ஆற்றல் சுமார் 353 ஜூல். அதையே 30 சென்டிமீட்டராகத் தாழ்த்தினால் ஆற்றல் சரிபாதியாகிறது. பள்ளி மாணவன்கூடச் செய்யக்கூடிய கணக்கு. எனவே தாழ்வான கட்டில்களை வாங்கிப் போட்டால் அடிபடுவோர் எண்ணிக்கை குறையும் என்று எவரும் எதிர்பார்ப்பர்.

ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 18 அரசு மருத்துவமனை வார்டுகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவில் 12 கட்டில்களுக்கு ஒன்று வீதம் மிகத் தாழ்வான கட்டில்களைத் தந்தனர். 2010-இல் வெளியான முடிவின்படி, விழுவோர் வீதத்திலும் அடிபடுவோர் வீதத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நம் சூத்திரம் பொய்த்துவிட்டதா? இல்லை. சூத்திரம் உண்மைதான், ஆனால் அது உருண்டு விழுபவருக்கு மட்டுமே பொருந்தும். எழுந்து நாலடி நடந்து, கழிப்பறை வாயிலில் சரிபவருக்குக் கட்டிலின் உயரம் என்ன செய்யும்? மேலும், பன்னிரண்டில் ஒரு கட்டில் சரியான நோயாளிக்குச் சரியான இரவில் போய்ச் சேரவும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உண்மையாக இருப்பது வார்டில் பயனாக மாறுவதற்கு இடையில் நெடுந்தொலைவு இருக்கிறது.

செலவுக்கேற்ற பயன் என்று பேசுகிறோம் அல்லவா? அதில் 'செலவு' பின்னால் வரவேண்டிய சொல். முதலில் 'பயன்' உண்டா என்று பார்க்க வேண்டும். பயன் சுழியானால், எவ்வளவு மலிவான திட்டமும் வீண்செலவே.

ஒரு விழுதலின் விலை மூன்று விதம்

இனிச் செலவுக்கு வருவோம். இங்கிலாந்து அறிக்கையின் 63 கோடி பவுனை விழுந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விழுதலுக்குச் சுமார் 2,500 பவுன் வருகிறது. ஆஸ்திரேலியாவில் 27,026 நோயாளிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கணக்கு, விழுந்தவர்களுக்கு 6,669 ஆஸ்திரேலிய டாலர் கூடுதல் செலவு என்றது. அன்றைய மதிப்பில் இது ஏறத்தாழ 5,000 அமெரிக்க டாலர். டைக்ஸ் குழுவினர் சொல்வதோ 62,521 டாலர். புவியீர்ப்பு மூன்று நாடுகளிலும் ஒன்றுதான். மனித எலும்பும் ஒன்றுதான். விலை மட்டும் பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது!

அமெரிக்காவில் மருத்துவம் விலை மிகுந்தது என்பது ஒரு காரணம். ஆனால் அதனால் மட்டும் இந்த வேறுபாடு முழுவதும் விளங்கிவிடாது. கணக்கிடும் முறையிலேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்பொறி: முட்டையா, கோழியா?

ஆஸ்திரேலிய ஆய்வில், விழுந்தவர்கள் விழாதவர்களைவிட 8 நாட்கள் அதிகமாக மருத்துவமனையில் தங்கினர் எனத் தெரியவந்தது. உடனே நம் மனம், விழுந்ததால் 8 நாட்கள் கூடின என்று முடிவு கட்டுகிறது. பொறுங்கள். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு மருத்துவமனையில் 200 நோயாளிகள். அவர்களுள் 100 பேர் 5 நாட்கள் தங்கும் எளிய நோயாளிகள்; 100 பேர் 15 நாட்கள் தங்கும் கடிய நோயாளிகள். எல்லாருக்கும் விழும் வாய்ப்பு ஒன்றே: 1,000 நாட்களுக்கு 4. விழுந்தவர் எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஒரு நாளும் கூடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் பிரிவினர் மொத்தம் 500 நாட்கள் தங்குகிறார்கள். எனவே 2 பேர் விழுவார்கள். இரண்டாம் பிரிவினர் தங்குவது 1,500 நாட்கள். அதில் 6 பேர் விழுவார்கள். விழுந்த 8 பேரின் சராசரித் தங்கல் என்ன? 2 பேர் 5 நாட்கள், 6 பேர் 15 நாட்கள், சராசரி 12.5 நாட்கள். விழாத 192 பேரின் சராசரியோ 9.9 நாட்கள். விழுதல் ஒரு நாளைக்கூடக் கூட்டவில்லை என்று நாமே வைத்துக்கொண்ட பின்னும், விழுந்தவர்கள் 2.6 நாட்கள் அதிகம் தங்கியதாகக் கணக்கு காட்டுகிறது!

காரணம் எளிது. நீண்ட நாள் தங்குபவருக்கு விழுவதற்கு நாட்கள் அதிகம். நெடுந்தூரம் நடப்பவர் காலில் முள் தைக்கும் வாய்ப்பு மிகுதி; அதனால் முள்தான் அவரை நெடுந்தூரம் நடக்க வைத்தது என்று சொல்லலாமா? வயது, உடனிருக்கும் நோய்கள் முதலியவற்றுக்கு ஆய்வாளர்கள் ஈடுசெய்யத்தான் செய்கிறார்கள். டைக்ஸ் குழுவினரும் விழுந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒத்த நிலையிலுள்ள, விழாத இருவரையேனும் தேடி ஒப்பிட்டனர். இருப்பினும், வார்டில் இருப்பவர்க்குத் தெரிகிற 'இவர் நிலை சரியில்லை' என்ற உணர்வு முழுவதும் பதிவேட்டில் ஏறுவதில்லை.

இங்கேதான் டைக்ஸ் கட்டுரையின் ஒரு முடிவு நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. விழுந்து அடிபட்டவருக்கும், விழுந்தும் அடிபடாதவருக்கும் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்கிறது அது. அடிபடாதவர் விழுந்தாலும் செலவு உண்டு. ஆகவே எல்லா விழுதல்களையும் தடுங்கள் என்று ஆசிரியர்கள் இதற்குப் பொருள் கூறுகிறார்கள். விழுந்தவருக்கு எக்ஸ்ரே, ஸ்கேன், கூடுதல் கண்காணிப்பு எல்லாம் செய்வார்கள் என்பது உண்மையே. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவருக்கும், தரையில் உட்கார்ந்து எழுந்துவிட்டவருக்கும் செலவு ஒன்றே என்றால், இன்னொரு விளக்கமும் உண்டு. அந்தச் செலவில் பெரும்பகுதி விழுதலால் வந்ததே அல்ல. விழக்கூடிய அளவுக்கு நலிந்திருந்த அவர்களுடைய நோயால் வந்தது என்பதே அது. அப்படியானால் விழுதலைத் தடுத்தாலும் அச்செலவு நிற்காது. இரண்டு விளக்கங்களில் எது சரி என்பதைத் தீர்க்காமல் 62,521 என்ற எண்ணைக் கையில் எடுக்கக்கூடாது.

இரண்டாம் பொறி: மிச்சமான நாள் மிச்சமான பணமா?

ஒரு படுக்கை-நாளின் செலவு என்பது எப்படிக் கிடைக்கிறது? கட்டடம், மின்சாரம், ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, நாட்களால் வகுக்கிறார்கள். அது சராசரிச் செலவு. ஒரு நோயாளி ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினால் அந்தச் சராசரித் தொகை மருத்துவமனையின் பெட்டியில் விழுந்துவிடுகிறதா? செவிலியரின் சம்பளம் அன்று குறைவதில்லை. கட்டட வாடகையும் குறைவதில்லை. அன்றைய மருந்தும் உணவும் மட்டுமே மிச்சம். காலியான கட்டிலுக்கு அடுத்த நோயாளி வந்துவிடுவார். ஒரு பயணி இறங்கிவிட்டார் என்பதற்காகப் பேருந்தின் டீசல் செலவு ஒரு பயணியின் பங்குக்குக் குறைந்துவிடுவதில்லை அல்லவா? காலியான இருக்கையில் இன்னொருவர் உட்காரலாம். அது நல்ல பயன்தான். ஆனால் அதை 'மிச்சப் பணம்' என்று சொல்வது பொருந்தாது.

டைக்ஸ் குழுவினர் மொத்தச் செலவோடு நேரடிச் செலவையும் தனியாகத் தந்திருக்கிறார்கள்: 35,365 டாலர். இது பாராட்டத்தக்க நேர்மை. எனினும் செய்தியாகப் பரவுவது பெரிய எண்தான்.

எவை பயன் தந்தன?

தடுப்பு முறைகளைச் சோதித்த வரலாறு சுவையானது. நோயாளி கட்டிலை விட்டு எழுந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் 16 பிரிவுகளில், 27,672 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: மணியின் பயன்பாடு பெருகியது, விழுதல் குறையவில்லை. மணி ஒலித்து, செவிலியர் ஓடி வருவதற்குள் நோயாளி விழுந்துவிடக்கூடும் என்பதை நாமும் ஊகிக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் 6 மருத்துவமனைகளின் 24 வார்டுகளில், 46,000-க்கும் மேற்பட்ட நோயாளிச் சேர்க்கைகளைக் கொண்டு நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. அபாயத்தை மதிப்பிடும் படிவம், எச்சரிக்கைப் பலகை, கழிப்பறையில் கண்காணிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் ஊன்றுகோல், நேரம் வைத்துக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், தாழ்வான கட்டில், எச்சரிக்கை மணி ஆகிய அனைத்தும் ஒரே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. செவிலியர்கள் திட்டத்தைப் பின்பற்றவும் செய்தார்கள். ஆயினும் விழுதலிலும் காயத்திலும் திட்டமுள்ள வார்டுக்கும் இல்லாத வார்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

தண்டனை முறையும் சோதிக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2008 அக்டோபர் 1 முதல், மருத்துவமனையில் விழுந்து ஏற்படும் காயத்துக்கான கூடுதல் சிகிச்சைக்குப் பணம் தர மறுத்தது. நரம்பில் செருகும் குழாய்களால் வரும் தொற்று போன்ற சிலவற்றை இவ்விதி குறைத்தது. ஆனால் விழுந்து அடிபடுவதைக் குறைக்கவில்லை என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. குழாயைத் தூய்மையாகக் கையாள்வது எப்படி என்று மருத்துவமனைக்குத் தெரிந்திருந்தது. விழுதலைத் தடுப்பது எப்படி என்று தெரியாதபோது அபராதம் அறிவைத் தந்துவிடாது.

அப்படியானால் எதுவுமே பயன் தரவில்லையா? தந்தது உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் 8 மறுவாழ்வுப் பிரிவுகளில் 3,606 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனை 2015-இல் வெளியானது. அங்கே புதுக்கருவி ஒன்றும் வாங்கவில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் அருகில் அமர்ந்து, "நீங்கள் எப்போது எழுவீர்கள்? எழுமுன் யாரை அழைப்பீர்கள்? எது உங்களைத் தயங்க வைக்கிறது?" என்னும் வகையில் பேசி, அவரையே ஒரு திட்டம் வகுக்கச் செய்தார். நோயாளி சொன்ன இடர்களை ஊழியர்களுக்கும் தெரிவித்தார். 1,000 நோயாளி-நாட்களுக்கு 13.78 ஆக இருந்த விழுதல், திட்டம் நடந்த காலத்தில் 7.80 ஆக இருந்தது. காயங்களும் குறைந்தன. அதற்கு முன் 2011-இல் வெளியான சோதனையோ ஓர் எச்சரிக்கையைத் தந்திருந்தது: இவ்வகைக் கல்வி, நினைவும் அறிவும் தெளிவாக இருப்பவர்களுக்கே உதவியது, மனக்குழப்பம் உடையவர்களுக்கு உதவவில்லை.

டைக்ஸ் குழுவினரின் திட்டமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நோயாளிக்குரிய அபாயங்களையும், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதையும் படங்களாகக் காட்டும் ஒரு தாள். அதை நோயாளியும் குடும்பத்தாரும் செவிலியரும் சேர்ந்து நிரப்பிக் கட்டிலருகே மாட்டுகிறார்கள். இதன் முன்னோடி வடிவம் குலுக்கல் முறைச் சோதனையில் விழுதலை 1,000 நோயாளி-நாட்களுக்கு 4.18-இலிருந்து 3.15 ஆகக் குறைத்தது என்று 2010-இல் காட்டினார்கள். காயங்களில் அப்போது வேறுபாடு தெரியவில்லை. 2020-இல் 14 வார்டுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் விழுதல் 15 விழுக்காடும், காயத்துடன் விழுதல் 34 விழுக்காடும் குறைந்தன. ஆனால் இது குலுக்கல் முறையில் நடந்ததல்ல.

குலுக்கல் ஏன் இவ்வளவு முக்கியம்? 30 கட்டில்கள் கொண்ட ஒரு வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10,950 படுக்கை-நாட்கள். 1,000 நாட்களுக்கு 3 என்று கொண்டால் ஆண்டில் சுமார் 33 விழுதல்கள். கதிரியக்கத் துகள்களை எண்ணிப் பழகியவர்களுக்கு ஒரு விதி தெரியும்: தற்செயலாக நிகழ்வனவற்றின் எண்ணிக்கை, அதன் வர்க்கமூல அளவுக்கு இயல்பாகவே கூடும், குறையும். 33-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6. எனவே ஓராண்டு 39, மறு ஆண்டு 28 என்று வந்தால் அதற்குக் காரணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. மோசமான ஆண்டுக்குப் பிறகுதான் திட்டங்கள் தொடங்கப்படுகின்றன. மறு ஆண்டு எண்ணிக்கை தானே இறங்குகிறது. பெருமை திட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. இந்த மயக்கத்திலிருந்து நம்மைக் காப்பது, ஒப்பீட்டுக் குழுவும் குலுக்கலும், போதிய எண்ணிக்கையுமே.

14,600 டாலரைப் பிரித்துப் பார்த்தால்

இனி ஆதாயக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். திட்டத்தின் சொந்தச் செலவு சிறிது என்பதால் அதை விட்டுவிடுவோம். 14,600-ஐ 35,365-ஆல் வகுத்தால் 0.41, 62,521-ஆல் வகுத்தால் 0.23. எப்படி வகுத்தாலும், 1,000 நோயாளி-நாட்களில் தடுக்கப்பட்டது அரை விழுதலுக்கும் குறைவு. இதில் தவறில்லை, விழுதல் அன்றாடம் நிகழ்வதல்ல. ஆனால் அந்த அரை விழுதலின் மேல் ஏற்றப்பட்ட விலைதான் முழு ஆதாயத்தையும் சுமக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதே 0.41 விழுதலை ஆஸ்திரேலியக் கணக்கின் 5,000 டாலரால் பெருக்கினால் வருவது 2,050 டாலர். ஆதாயம் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. நாம் மேலே கண்ட முதற்பொறி அந்த 5,000 டாலரிலும் இருக்கலாம். அப்படியானால் இன்னும் குறையும்.

நம் முடிவு இதுதான்: திட்டம் பயன் தருகிறது என்பதற்குச் சான்று ஓரளவு நன்றாகவே இருக்கிறது, அது பெரும்பணத்தை மிச்சமாக்குகிறது என்பதற்குச் சான்று மெலிவானது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு தாளும் சில நிமிடப் பேச்சும் ஒரு முதியவரின் எலும்பு முறிவைத் தடுக்குமானால், பணம் மிச்சமாகாவிட்டாலும் அது செய்யத்தக்கதே. தடுப்பூசியை நாம் லாபத்துக்காகவா போடுகிறோம்? சிறிது செலவில் பெரிய நலம் கிடைக்கிறது. அதற்குப் பெயர்தான் செலவுக்கேற்ற பயன். செலவே இல்லாமல் லாபம் வர வேண்டும் என்பது வேறு கேள்வி.

கணக்கில் இல்லாத பத்தி

இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் விடுபட்ட ஒன்று உண்டு. விழுதலைச் சுழியாக்கும் எளிய வழி நோயாளியை எழவே விடாதிருப்பது. கட்டிலின் இருபுறமும் கம்பி, எழுந்தால் மணி, "அசையாதீர்கள்" என்ற கட்டளை. பதிவேட்டில் வெற்றிதான். ஆனால் 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடல் நலமுள்ள முதியவர்களைப் பத்தே நாட்கள் படுக்கையில் இருக்கச் செய்தபோது, அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோகிராம் அளவுக்குக் கொழுப்பற்ற திசு, பெரும்பாலும் தசை, கரைந்துபோயிற்று. நோயாளியின் நிலை இன்னும் மோசமாகத்தான் இருக்கும். மருத்துவமனையில் விழாதவர், கால் வலுவிழந்து வீட்டில் போய் விழுவார். அந்த விழுதல் எந்த மருத்துவமனையின் கணக்கிலும் ஏறாது. அபராதத்துக்கு அஞ்சும் நிர்வாகம் இந்தப் பக்கமே சாயும் என்பதுதான் ஆபத்து. விழுந்த எண்ணிக்கையோடு, நடந்த அடிகளையும் எண்ணாத கணக்கு பாதிக் கணக்கே.

செவிலியரின் நேரமும் இன்னொரு விடுபட்ட பத்தி. ஒரு நோயாளிக்கு ஒரு பணிமுறைக்கு 3 நிமிடம் பிடிக்கும் அபாயப் படிவம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 30 நோயாளிகள், மூன்று பணிமுறைகள்: நாளொன்றுக்கு 270 நிமிடங்கள், அதாவது நாலரை மணி நேரம். அந்த நாலரை மணி நேரத்தில் எத்தனை பேரைக் கைபிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றிருக்கலாம்! யார் விழுவார் என்று மதிப்பெண் போடும் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று இங்கிலாந்தின் வழிகாட்டு நெறி 2013-இலேயே அறிவுறுத்தியது. ஆஸ்திரேலியாவின் 10 மருத்துவமனைகளில் மதிப்பெண் படிவத்தைக் கைவிட்டுப் பார்த்த சோதனையும், விழுதல் அதனால் கூடிவிடவில்லை என்று 2021-இல் காட்டியது. ஒன்றைச் செய்யாமல் விடுவதும் சில வேளைகளில் மிகச் சிறந்த சிக்கனம்.

நமக்கு என்ன?

நம் நாட்டில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியமும் நோயாளி விழும் நிகழ்ச்சிகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. நல்லதே. ஆனால் 62,521 டாலரை ரூபாயாக மாற்றி, ஒரு விழுதலைத் தடுத்தால் ஐம்பது லட்சத்துக்கு மேல் மிச்சம் என்று எவரேனும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அது நியூயார்க்கின் சம்பளம், பாஸ்டனின் கட்டணம். நம் வார்டுகளின் நிலை வேறு. இங்கே பெரும்பாலான கட்டில்களின் அருகில் வீட்டார் ஒருவர் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். நோயாளியுடன் பேசுவதே பலன் தருகிறது என்று மேலே கண்டோம். அப்பேச்சில் உடனிருக்கும் அந்த மகளையோ மருமகனையோ சேர்த்துக்கொள்வதற்கு டாலர் தேவையில்லை.

இனி இத்தகைய கணக்கு ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பயன் உண்டு என்பதைக் குலுக்கல் முறையில் நிறுவினார்களா? ஒரு விழுதலின் விலை என்று சொல்வது விழுந்ததால் வந்த செலவா, விழுபவரின் நோயால் வந்த செலவா? மிச்சம் என்பது கையில் நிற்கும் பணமா, ஏட்டில் நிற்கும் எண்ணா? நோயாளி நடந்தாரா, படுக்கவைக்கப்பட்டாரா? மருத்துவமனைக்கு மட்டுமன்றி, "இது லாபம்" என்று சொல்லி முன்வைக்கப்படும் எந்தப் பொதுநலத் திட்டத்துக்கும் இக்கேள்விகள் பொருந்தும்.

உங்கள் வீட்டு முதியவர் மருத்துவமனையில் இருந்தால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுந்தவுடன் நிற்க வேண்டாம், கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காரட்டும், பிறகு எழட்டும், எழும்போது யாரை அழைப்பது என்று முன்னமே பேசி வைத்துக்கொள்ளட்டும். கால்களுக்கு இறங்கிய இரத்தம் மேலேறி வர அந்த ஒரு நிமிடம் உதவும். அதன் விலையை எந்த ஆய்விதழும் கணக்கிடத் தேவையில்லை.